இணைப்புக்கு எத்தனை மாதம்: ஒரு தாமதத்தின் வரலாறு

இணையதளம் வைத்துப் பிழைக்கிறவர், தளத்தைத் தேடுபொறியில் மேலே கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் ஆளிடம் முதலில் கேட்பது கட்டணம். அடுத்த கேள்வி, எத்தனை நாள் ஆகும் என்பது. பிற தளங்களிலிருந்து நம் பக்கத்துக்கு இணைப்பு வரவழைக்கும் வேலையைத் தொழிலில் லிங்க் பில்டிங் என்கிறார்கள். அதற்குப் பலன் தெரிய நாலு மாதம், ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம் ஆகும் என்ற பதில் இப்போது மரபாகவே ஆகிவிட்டது. மரபாகிவிட்டதாலேயே யாரும் அதைக் குடைந்து பார்ப்பதில்லை. குடைந்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. 2001-இல் ஒரு புதிய இணைப்பைக் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்க்கக் கூகுளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. இன்று, அடிக்கடி படிக்கப்படும் தளமாக இருந்தால், அதே வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இயந்திரம் இவ்வளவு வேகம் பிடித்தபின் காத்திருப்பு சுருங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தாமதம் கால் நூற்றாண்டில் ஒழியவில்லை, கைமாறியது. தொடக்கத்தில் அது இயந்திரத்தின் இயலாமையாக இருந்தது. பிறகு தேடுபொறியின் சந்தேகமாக ஆனது. இன்றைய ஆறு மாதத்தில் கணிப்பொறி எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம்தான், மீதி பெரும்பாலும் நம்பிக்கை பிறக்கும்வரை நிறுத்திவைக்கப்படும் நேரம் என்பதே என் வாதம்.

இணைப்பை மதிப்பின் அளவுகோலாக்கும் யோசனை இணையத்துக்கு முந்தியது. ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் எங்கெங்கே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அட்டவணை போட வேண்டும் என 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார் யூஜின் கார்ஃபீல்ட். அறுபதுகளில், பிலடெல்ஃபியாவிலிருந்த அவருடைய நிறுவனம் அப்படி ஓர் அட்டவணையை அச்சிட்டு விற்கவும் தொடங்கியது. 1976-இல் பின்ஸ்கி, நாரின் என்ற இருவர் இன்னொரு படி போனார்கள். எல்லா மேற்கோளும் சமமில்லை, மதிப்புள்ள இதழிலிருந்து வரும் மேற்கோளுக்கு எடை அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த உலகத்தில் காலத்தைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒருவர் எழுதி, நடுவர் படித்து, அச்சாகி, இன்னொருவர் கைக்குப் போய், அவரும் எழுதி அச்சேற்றுவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். பொய்யாக மேற்கோள் திரட்ட நினைத்தவருக்கும் அதே வருடங்கள் தேவைப்பட்டன. அச்சுலகின் மந்தகதியே காவல் காத்தது. அப்படி ஒரு காவல் இருந்ததே, அது இல்லாத இடத்துக்கு இந்தக் கணக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

வந்து சேர்ந்த இடம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996-இல் தொடங்கிய ஆய்வுத் தேடுபொறிக்கு பேக்ரப் என்று பெயர். ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்களை யார் சுட்டுகிறார்கள் என்று பின்னோக்கிப் போய் மதிப்பிடும் முறை அது. அவர்கள் மட்டும் இந்த வழியில் யோசிக்கவில்லை. பின்னாளில் சீனத் தேடுபொறியான பைடுவைத் தொடங்கிய ராபின் லீ அதே ஆண்டில் ராங்க்டெக்ஸ் என்ற தேடுபொறியில் இணைப்புகளை எண்ணினார். ஜான் க்ளைன்பெர்க் அதையடுத்து இதற்கு நெருங்கிய இன்னொரு கணக்கை வகுத்தார். அதுவரை ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் பக்கத்துக்குள் இருந்த சொற்களையே பெரிதும் நம்பின. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதிவைத்தவர், பக்கம் அடுத்த முறை படிக்கப்பட்டதுமே பலனடைந்தார். பேஜும் பிரின்னும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் அறிக்கை இந்த வித்தைக்கு முடிவுகட்டப் பார்த்தது. 32.2 கோடி இணைப்புகள் கொண்ட தொகுப்பில் மதிப்பெண்கள் ஒரு நிலைக்கு வந்து நிற்க ஏறக்குறைய 52 சுற்றுக் கணக்கு போதும் என்கிறது அந்த அறிக்கை.

அந்தச் சூத்திரத்தில் கடிகாரம் கிடையாது. பத்து வருடம் பழகிய இணைப்புக்கும் நேற்று ஒட்டவைத்த இணைப்புக்கும் அதில் வேறுபாடில்லை. அச்சுலகிலிருந்து மேற்கோளின் எடை வந்தது, அதைக் காத்துவந்த மந்தகதி வரவில்லை. மோசடி பற்றி அறிக்கை யோசிக்காமலில்லை. மதிப்பு உயர வேண்டுமானால் ஒரு முக்கியமான தளத்தையோ ஏராளமான சாதாரணத் தளங்களையோ இணைப்புக் கொடுக்கச் சம்மதிக்க வைக்க வேண்டும், அதிகபட்சம் முக்கியமான தளங்களில் காசு கொடுத்து இணைப்பு வாங்கலாம், ஆனால் காசு செலவாகும் என்பதால் அது கட்டுக்குள் இருக்கும் என்ற தொனியில் அந்தப் பகுதியை முடித்துவிட்டார்கள். கணினி அறிவியல் படித்த இரண்டு இளைஞர்கள் வியாபாரிகளைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் இது. காசு செலவானால் வியாபாரி பின்வாங்குவார் என்று நம்பியிருக்கிறார்கள். செலவுக்கு மேல் வரவு இருந்தால் அவர் அதை முதலீடு என்று எழுதிக்கொள்வார் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

முதல் சில ஆண்டுகளில் தாமதம் இருந்தது, ஆனால் அதில் எந்த உள்நோக்கமும் இல்லை. கூகுள் வலையைத் திரட்டி, மொத்தத்துக்கும் மதிப்பெண் போட்டு, அட்டவணையைப் புதுப்பிப்பது மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடந்தது. புதிய அட்டவணை எல்லாத் தரவு மையங்களுக்கும் போய்ச் சேரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் ஒரே தேடலுக்கு ஒரு நிமிடம் ஒரு வரிசை வரும், அடுத்த நிமிடம் வேறு வரிசை வரும். தொழிலில் இருந்தவர்கள் இதைக் கூகுள் டான்ஸ் என்றார்கள். கூகுளின் வழக்கமான முகவரிக்குப் பக்கத்தில் www2, www3 என்று தொடங்கும் முகவரிகளைத் திறந்துவைத்துக்கொண்டு, வரப்போகும் வரிசையை முன்கூட்டியே பார்க்க இராக்கண் விழித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புயலுக்கு வைப்பதுபோலப் பெயர் வைத்தார்கள். 2003-இன் பட்டியலில் பாஸ்டன், கஸாண்ட்ரா, டொமினிக், எஸ்மெரால்டா, ஃப்ரிட்ஸ் வருகின்றன. கூகுளும் கேலியில் கலந்துகொண்டது. தேடல் மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தன் வளாகத்தில் கொடுத்த விருந்துக்கு அதே டான்ஸ் பெயரை வைத்தது. அந்நாளில் இணைப்புக்கு எத்தனை நாள் என்ற கேள்விக்கு ரயில் கால அட்டவணை மாதிரி பதில் சொல்ல முடிந்தது. திரட்டல் முடிவதற்குள் இணைப்பு போட்டாயிற்றா, அடுத்த ஆட்டத்தில் பலன். தவறவிட்டால் இன்னொரு மாதம்.

தேதி தெரிந்த பண்டத்துக்குச் சந்தை எளிதில் அமையும். 2000 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட டூல்பாரில் ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கும் 0 முதல் 10 வரை ஒரு பச்சைக் கோட்டில் தெரிந்தது. பக்கத்தின் தரத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக வைத்த அந்தக் கோடு, கொஞ்ச நாளில் இணைப்பின் விலைச்சீட்டாகிவிட்டது. 6 உள்ள பக்கத்திலிருந்து இணைப்பு ஒரு விலை, 7 என்றால் இன்னொரு விலை. இந்த வியாபாரத்தைப் பகிரங்கமாகவே நடத்த முனைந்த ஓக்லஹோமா நிறுவனமான சர்ச்கிங், 2002-இல் தன் பேஜ்ரேங்க் திடீரென்று விழுந்ததும் கூகுள்மீது வழக்குப் போட்டது. பேஜ்ரேங்க் என்பது கூகுளின் அபிப்பிராயம், அபிப்பிராயம் சொல்லும் உரிமைக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி 2003 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பின்னால் நடந்த பலவற்றுக்கும் இந்தத் தீர்ப்பு அடிக்கல். ஓர் அபிப்பிராயம் எப்போது மாறும் என்று கேட்க யாருக்கும் சட்டப்படி பாத்தியதை இல்லை.

2003-இன் நடுவில் மாதாந்தர ஆட்டம் நின்றது. புதுப்பித்தல் இடைவிடாத வேலையானது. தாமதம் வெறும் இயந்திரக் கோளாறாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அடுத்த ஒரு வருடத்தில் பொதுவெளியிலேயே இரண்டு பரிசோதனைகள் நடந்தன, இரண்டிலும் இணைப்பு வேகமாகத்தான் வேலை செய்தது. 2003 அக்டோபரில், 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரிலிருந்து ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்படி வலைப்பதிவர்களிடையே ஓர் அழைப்பு பரவியது. டிசம்பர் தொடக்கத்திலேயே அந்தத் தொடரைத் தேடினால் முதலில் புஷ் வருகிறார் என்று செய்தி நிறுவனங்கள் எழுதின. ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

இரண்டாவது இன்னும் சுத்தமான பரிசோதனை. 2004 மே மாதம் தேடுபொறித் தொழில்காரர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். வலையில் எங்கும் சேர்ந்து வராத இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி 'நைக்ரிட்யூட் அல்ட்ராமரைன்' என்று ஒரு தொடர் ஆக்கினார்கள். அதற்குப் பொருளும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. ஜூன் 7-ஆம் தேதி கூகுளில் முதலிடத்தில் இருப்பவருக்கு ஒரு பரிசு, ஜூலை 7-ஆம் தேதி முதலிடத்தில் இருப்பவருக்கு இன்னொன்று. தொழிலின் வித்தைக்காரர்கள் எல்லாரும் இறங்கினார்கள், புதுத் தளங்கள் முளைத்தன, ஆயிரக்கணக்கில் இணைப்புகள் பறந்தன. ஜூன் தொடக்கத்தில் அனில் தாஷ் என்ற வலைப்பதிவர், தொழில்காரர் அல்லாதவர், அந்தத் தலைப்பில் ஒரு பதிவு போட்டு, எனக்கு இணைப்புக் கொடுங்கள் என்று வாசகர்களைக் கேட்டார். ஜூலை 7 அன்று முதலிடத்தில் நின்றது அவருடைய பதிவு. ஏறக்குறைய ஐந்தே வாரம். ஆனால் அந்த ஐந்து வாரத்துக்குப் பின்னால் பல வருடங்கள் இருந்தன. தாஷின் வலைப்பதிவு 1999-லிருந்து நடந்துவந்தது. வாசகர்கள் தாமாகக் கொடுத்த இணைப்புகள் அதற்கு ஏற்கெனவே குவிந்திருந்தன, புதிதாகக் கொடுத்தவர்களும் வலையில் பெயருள்ளவர்கள். வணிகப் போட்டியே இல்லாத ஒரு சொல்லில், முன்பே மதிக்கப்பட்ட தளத்துக்கு இணைப்பின் பலன் சில வாரத்தில் வந்துவிடும் என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் நிரூபிக்கின்றன. அப்படியானால் வீட்டுக்கடன், ஓட்டல் அறை போன்ற வணிகத் தேடல்களில் மேலே வரக் காத்திருந்தவர்களுக்கு மாதங்கள் ஆனதற்குக் காரணம் இயந்திரத்தில் இல்லை.

அதே 2004-இல்தான் தொழிலில் ஒரு புது முனகல் கேட்டது. புதிதாகத் தொடங்கிய தளங்கள், எவ்வளவு இணைப்பு வாங்கினாலும், மாதக்கணக்கில் எங்கோ பின்னால் கிடக்கின்றன, பிறகு ஒருநாள் யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல மேலே வருகின்றன. இதற்கு சாண்ட்பாக்ஸ் என்று பெயர் விழுந்தது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு மளிகைக் கடைக்காரர் முதல் மாதமே கணக்கு நோட்டுப் போடுவதில்லை. ஆள் நிலைத்து இருக்கிறாரா என்று பார்ப்பார். கூகுளும் அப்படித்தான் பார்க்கிறது என்று தொழில்காரர்கள் ஊகித்தார்கள். 2005 மார்ச்சில் அந்த ஊகத்துக்கு ஒரு தாள் கிடைத்தது. மேட் கட்ஸ், ஜெஃப் டீன், மோனிகா ஹென்ஸிங்கர் உள்ளிட்டோர் பெயரில் 2003-இன் கடைசி நாளில் கூகுள் தாக்கல் செய்திருந்த காப்புரிமை விண்ணப்பம் அப்போது வெளியானது. ஒரு பக்கத்தை எப்போது முதலில் கண்டோம், அதற்கு இணைப்புகள் எந்த வேகத்தில் வந்தன, எந்த வேகத்தில் மறைந்தன, சட்டென்று கூடினவா, தளத்தின் பெயர் எத்தனை வருடத்துக்குப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் மதிப்பீட்டில் சேர்க்கலாம் என்றது அது. 1998-இன் சூத்திரத்தில் விட்டுப்போன கடிகாரம் இங்கே உள்ளே வந்துவிட்டது.

காப்புரிமை வாங்கியதெல்லாம் நடைமுறைக்கு வந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. சாண்ட்பாக்ஸ் என்று தனியாக ஒன்று இல்லை என்று கூகுளின் ஆட்கள் பல தடவை மறுத்தும் இருக்கிறார்கள். காப்புரிமையை மட்டும் வைத்து வாதாடினால் வழக்கு தோற்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கசிந்தபோது, தளத்தின் வயதைக் குறிக்கும் ஒரு பதிவுக்கு, புதிய குப்பைத் தளங்களை முடிவுகள் காட்டும் நேரத்தில் தடுத்துவைப்பதற்கு என்ற பொருளில் விளக்கம் எழுதப்பட்டிருந்தது. அந்த விளக்கம் பயன்படுத்தியதும் சாண்ட்பாக்ஸ் என்ற அதே சொல்லைத்தான். ஆவணங்கள் தன்னுடையவைதான் என்று கூகுள் ஒப்புக்கொண்டது, சூழலிலிருந்து பிரித்து அர்த்தம் கொள்ளாதீர்கள் என்றும் எச்சரித்தது. அந்தப் பதிவுக்கு எவ்வளவு எடை, எல்லாத் தளங்களுக்கும் பொருந்துமா என்பதைக் கசிவு சொல்லவில்லை. தாமதிக்க வைக்கும் எண்ணம் நிறுவனத்துக்குள் இருந்தது என்ற அளவுக்கு அது போதும்.

எண்ணம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 2012 ஆகஸ்டில் ராஸ் கோனிங்ஸ்டைன் பெயரில் கூகுளுக்குக் கிடைத்த இன்னொரு காப்புரிமையைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பழைய இடத்திலிருந்து தகுதியான புதிய இடத்துக்கு நேராகப் போக வேண்டியதில்லை என்கிறது அது. நடுவில் ஒரு மாறுகாலம். அந்தக் காலத்தில் பக்கம் அசையாமல் இருக்கலாம், தாறுமாறாக ஏறி இறங்கலாம், மேலே போக வேண்டியது கீழேகூடப் போகலாம். இணைப்பு வாங்கியவர் இதைப் பார்த்துப் பதறி, வாங்கியதைப் பிடுங்குகிறாரா, இன்னும் கொண்டுவந்து கொட்டுகிறாரா என்று கவனித்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். கண்ணிவைத்துக் காத்திருக்கும் வேடனின் தாள் இது. இதற்கு இரண்டு வருடம் முன்புதான், 2010 ஜூனில், கஃபீன் என்ற புதிய அட்டவணை முறைக்குக் கூகுள் மாறியிருந்தது. மொத்த வலையையும் தவணை தவணையாக அரைப்பதை விட்டு, வந்த பக்கத்தை வந்தவுடன் சேர்க்கும் ஏற்பாடு அது. தேடல் முடிவுகளில் வரும் ஆவணங்களின் சராசரி வயது பாதியாகக் குறைந்தது என்று அதைக் கட்டியவர்கள் எழுதினார்கள். பக்கங்களை உடனே காட்டும் இயந்திரத்தைக் கட்டிய நிறுவனமே, உயர்வை உடனே தராமலிருக்கும் வழிக்கும் காப்புரிமை வாங்கியது. இவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் இந்த வரலாறு விளங்கும்.

இயந்திரம் நினைத்தால் எவ்வளவு வேகமாக அசையும் என்பதற்கு ஜே.சி. பென்னி சம்பவம் சாட்சி. அமெரிக்காவின் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனமான அது, 2010-இன் பண்டிகைக் காலம் முழுக்கக் கூகுளில் ஆடை, படுக்கை விரிப்பு, கம்பளம் என்று எதைத் தேடினாலும் முதலிடத்தில் நின்றது. சாம்சனைட் பெட்டியைத் தேடினால் சாம்சனைட் நிறுவனத்துக்கே முன்னால் வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதைத் துருவியபோது, ஆயிரக்கணக்கான சம்பந்தமில்லாத பக்கங்களிலிருந்து இணைப்புகள் வருவது தெரிந்தது. குறட்டை பற்றிய தளம், பல் மருத்துவத் தளம், மீன்பிடிப்புத் தளம் எல்லாம் பென்னியின் ஆடைகளைச் சுட்டின. தனக்கு இதில் பங்கில்லை என்றது பென்னி. செய்தித்தாள் விசாரிப்பதை அறிந்த கூகுள், ஆட்களை வைத்தே நடவடிக்கை எடுத்தது. அன்று இரவு ஏழு மணிக்குச் சாம்சனைட் பெட்டிக்கு முதலிடத்தில் இருந்த பென்னி, ஒன்பது மணிக்கு 71-ஆம் இடத்தில் கிடந்தது. 59 தேடல்களில் பிப்ரவரி 1 அன்று 1.3 ஆக இருந்த அதன் சராசரி இடம், பிப்ரவரி 10 அன்று 52. மனிதர் கையால் எடுத்த முடிவாயிற்றே, தானியங்கிக் கணக்கோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். முடிவு மனிதருடையதுதான், ஆனால் அது தேடல் முடிவுகளில் தெரிய ஆன இரண்டு மணி நேரம் இயந்திரத்துடையது. இறக்கத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமென்றால், ஏற்றத்துக்கு ஆறு மாதம் ஆவது கொள்கையைத் தவிர வேறென்ன?

அடுத்த கட்டத்தில் தாமதமே தண்டனையாயிற்று. 2012 ஏப்ரல் 24 அன்று பெங்குயின் என்ற வடிகட்டி வந்தது. காசு கொடுத்து வாங்கிய, செயற்கையாகப் பெருக்கிய இணைப்புகளைக் கண்டு தளத்தையே கீழே தள்ளியது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்பட்டதாகக் கூகுள் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், எனக்கு வரும் இந்தந்த இணைப்புகளை எண்ண வேண்டாம் என்று தளக்காரரே எழுதிக் கொடுக்க ஒரு கருவியும் தந்தது. வாங்கியவர்கள் அலறிப் புடைத்து, காசு கொடுத்துப் போட்ட இணைப்பை எடுத்துவிடும்படி கெஞ்சிக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். எடுப்பதற்கும் சிலர் காசு கேட்டார்கள். ஆனால் சுத்தம் செய்து முடித்தாலும் விடுதலை இல்லை. பெங்குயின் தன் தரவை எப்போதாவதுதான் புதுப்பித்தது, அதுவரை பழைய தீர்ப்பே நின்றது. 2014 அக்டோபர் 17-க்குப் பின் அடுத்த புதுப்பிப்பு வந்தது 2016 செப்டம்பர் 23-இல். கிட்டத்தட்ட இரண்டு வருடம். தேடல் வழியாகவே வாடிக்கையாளரைப் பெற்றுவந்த சிறு வியாபாரத்துக்கு இரண்டு வருடம் என்பது கடையை மூடும் காலம். பென்னி சுமார் மூன்று மாதத்தில் மீண்டது. 2013 கிறிஸ்துமஸ் அன்று இணைப்பு மோசடிக்காகத் தள்ளப்பட்ட ராப் ஜீனியஸ் என்ற பாடல்வரித் தளம் பத்தே நாளில் திரும்பி வந்தது. பெயருள்ளவர்களின் விவகாரத்தை ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், பெயரில்லாதவர்கள் தானியங்கியின் அடுத்த முறைக்காகக் காத்துக்கிடந்தார்கள். இந்த ஏற்றத்தாழ்வைக் கூகுள் நியாயப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

2016-க்குப் பின் பெங்குயின் உடனுக்குடன் இயங்கத் தொடங்கியது. தளத்தைத் தண்டிப்பதைக் குறைத்து, போலி இணைப்பைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும் வழிக்குப் போனது. இது கருணை போலத் தெரியும். காத்திருப்பவரின் நிலையிலிருந்து பார்த்தால் இதில் ஒரு குரூரமும் உண்டு. முன்பெல்லாம் இணைப்பு வேலை செய்யும், அல்லது அடி விழும். இப்போது எதுவும் நடக்காமலே போகலாம். பூஜ்யமாக்கப்பட்ட இணைப்பும் இன்னும் பலன் தராத இணைப்பும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை மாதம் என்று கேட்டவர், என்றைக்காவது வருமா என்று கேட்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். பச்சைக் கோட்டின் எண்ணைக் கூகுள் 2013 டிசம்பருக்குப் பின் புதுப்பிக்கவில்லை, 2016-இல் காட்டுவதையே நிறுத்திவிட்டது. பார்த்துத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே கோலும் போயிற்று.

இணைப்புக்கே இப்போது மதிப்பில்லை, பிறகு எத்தனை நாள் என்ற ஆராய்ச்சி எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸ் இணைப்பை எண்ணாமல் விட்டே பார்த்தது. அங்கே அப்போது இணைப்பை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே வழக்கமாக இருந்தது. வாடகை நின்றால் இணைப்பும் போய்விடும். சந்தை எல்லை மீறிப் போனதால், மாஸ்கோ வட்டாரத்தின் வணிகத் தேடல்களில் இணைப்புகளையே கணக்கில் எடுக்கப்போவதில்லை என்று 2013 டிசம்பரில் அறிவித்து, 2014-இல் நடைமுறைப்படுத்தியது. வாடகை எடுக்கும் பழக்கம் அப்போதும் ஓயவில்லை. 2015-இல் யாண்டெக்ஸ் இணைப்புகளைத் திரும்பவும் கணக்கில் சேர்த்தது, கூடவே வாங்கிய இணைப்புகளுக்குத் தண்டனை தரும் மினுசின்ஸ்க் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. கூகுளும் இணைப்பே இல்லாத ஒரு தேடலை உள்ளுக்குள் செய்து பார்த்ததாகவும், முடிவுகள் மிக மோசமாக இருந்ததாகவும் 2014-இல் மேட் கட்ஸ் சொன்னார். முதல் மூன்று காரணிகளில் இணைப்பு இப்போது இல்லை என்று கூகுளின் கேரி இலியஸ் 2023-இல் சொன்னதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். எடை குறைந்தது உண்மை. ஆனால் விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை. விடவும் முடியாமல் நம்பவும் முடியாமல் இருப்பவர் செய்யக்கூடியது, காலம் தாழ்த்துவதுதான்.

கூகுளின் வருமானம் விளம்பரத்தில் இருக்கிறது, காத்திருக்கப் பொறுமையில்லாதவர் விளம்பரம் வாங்குவார், தாமதத்தின் காரணம் அதுவே என்று சொல்வோரும் உண்டு. ஆதாயம் இருப்பது மெய். யாண்டெக்ஸும் விளம்பரம் விற்பதால் அதைக் காட்டியும் இதை மறுக்க முடியாது. ஆனால் ஆதாயத்துக்காக மட்டுமே தாமதப்படுத்துகிறவர், இரண்டு வருடக் காத்திருப்பாக இருந்த பெங்குயினை உழைத்து உடனடி வடிகட்டியாக மாற்றியிருக்க வேண்டியதில்லை. சந்தேகம் என்ற ஒரு காரணமே எல்லாவற்றையும் விளக்கிவிடுவதால் நான் அதோடு நிற்கிறேன்.

தொழில் சொல்லும் எண்களுக்கு வருவோம். தேடுபொறி ஆலோசகரை அமர்த்துவது எப்படி என்று 2017-இல் கூகுளின் மைலி ஓயே ஒரு காணொளியில் விளக்கியபோது, மாற்றங்களைச் செய்து பலன் தெரியப் பெரும்பாலும் நாலு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்றார். அதே ஆண்டு ஏரெஃப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கங்களில் 5.7 சதவீதமே ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு தேடலில் முதல் பத்துக்குள் வந்தன. வந்தவை பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டன. ஆறு மாதம் என்ற மரபின் வேர் இந்த மாதிரி எண்களில் இருக்கிறது. ஆனால் இது ஜெயித்தவர்களின் சராசரி. மீதி 94.3 சதவீதத்துக்கு ஆறு மாதமும் கிடையாது, ஒரு வருடமும் கிடையாது. விற்பவருக்கு இந்தப் பதிலில் வசதி அதிகம். ஆறு மாத ஒப்பந்தம் போடலாம். அந்த ஆறு மாதத்தில் போட்டியாளர் சறுக்கலாம், கூகுள் வேறு ஏதாவது மாற்றலாம், பக்கத்தையே திருத்தி எழுதியிருக்கலாம். ஏறினால் இணைப்பால் ஏறியது, ஏறாவிட்டால் இன்னும் காலம் ஆகவில்லை. கெட்டிக்காரரும் ஏமாற்றுக்காரரும் ஒரே நிழலில் ஒதுங்க இடம் கொடுத்தது இந்தத் தாமதம். தேடுபொறி தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய மதில், மோசமான தரகர்களுக்கும் மறைவாயிற்று.

காத்திருக்கச் சொன்னால் காலத்தையே விலைக்கு வாங்குவது சந்தையின் அடுத்த நகர்வு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்ட பழைய தளப் பெயர்களை ஏலத்தில் எடுத்து, அவற்றின் வயதோடும் பழைய இணைப்புகளோடும் சூதாட்டத்தையோ கடனையோ விற்பது ஒரு வழி. இன்னொன்று, பல்லாண்டு பெயரெடுத்த செய்தித் தளங்களின் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துத் தள்ளுபடிக் கூப்பன்களை நிரப்புவது. அனில் தாஷுக்கு ஐந்து வாரத்தில் கிடைத்தது ஏன் என்று சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள். 2024 மார்ச்சில் கூகுள் இரண்டையும் விதிமீறல் என்று அறிவித்தது. செய்தித் தளங்கள்மீது மே மாதம் முதல் நடவடிக்கை எடுத்தது, நவம்பரில் விதியை இன்னும் இறுக்கியது. பதிப்பாளர்கள் விடவில்லை. வாசகரிடம் தாங்கள் சம்பாதித்த பெயரை வைத்துத் தாங்கள் வருமானம் பார்ப்பதைத் தேடுபொறி தடுக்கலாமா என்று ஐரோப்பாவில் முறையிட்டார்கள். கூகுளின் அந்த விதி குறித்து 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் முறைப்படி விசாரணையைத் தொடங்கியது.